குறைந்த சம்பளமும் நெடுந்தூரமும்: செங்கல்பட்டு–மாம்பலம் தடத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

சம்பளம் குறைவாகவும் தூரம் அதிகமாகவும் இருக்கும் வேலையை ஏற்கலாமா, விடலாமா என்ற கேள்வி பெரும்பாலும் வேலை கிடைத்த அன்றிரவு, சாப்பாடு முடிந்த பிறகு, வீட்டுக் கூடத்தில் எழுகிறது. வேலைக்குப் போகவேண்டியவர் தவிர மற்ற அனைவரும் அதில் கருத்துச் சொல்வது மரபு. பொருள் இத்தனை காலமாக முறையாக ஆராயப்படாமல் கிடந்ததற்கு அந்த மரபே காரணமாகலாம்.

சம்பளத்தையும் தூரத்தையும் வைத்து வேலைகள் நான்கு வகைப்படும். சம்பளம் கூடுதல், தூரம் குறைவு என்பது முதல் வகை. இதில் ஆராய ஒன்றுமில்லை, இனிப்பு வாங்கினால் போதும். சம்பளமும் தூரமும் கூடுதல் என்பது இரண்டாவது. இதை ஏற்பவர் சில மாதங்களில் அலுவலகத்துக்கு அருகே வீடு பார்த்துவிடுவதால் மூன்றாம் மனிதரின் ஆலோசனை தேவைப்படாது. இரண்டும் குறைவு என்பது மூன்றாவது. இதற்கு ‘உள்ளூர் வேலை’ என்று பெயர். சம்பளம் குறைவு, தூரம் கூடுதல் என்ற நான்காம் வகையே இக்கட்டுரைக்கு உரியது.

களமாகக் கொள்ளப்படுவது செங்கல்பட்டிலிருந்து மாம்பலம் வரையுள்ள புறநகர் ரயில் தடம். சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். பின்னர் அது செங்கல்பட்டு வரை நீண்டது. மாம்பலம் நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் ரங்கநாதன் தெரு. ஜவுளிக் கடை, பாத்திரக் கடை, அவற்றுக்குக் கணக்கெழுதும் அலுவலகம் என நான்காம் வகை வேலைகள் செழித்து வளரும் வட்டாரம். எனவே தடத்தின் ஒரு முனையில் ஆளும் மறுமுனையில் வேலையும் ஐயத்துக்கிடமின்றி இருக்கின்றன.

2. தூரத்தை அளக்கும் முறைகள்

தூரம் நான்கு விதமாக அளக்கப்படுகிறது.

முதலாவது, கிலோமீட்டர். செங்கல்பட்டுக்கும் மாம்பலத்துக்கும் இடையே ஏறத்தாழ 50 கி.மீ. இந்த எண்ணால் யாருக்கும் பயனில்லை. கிலோமீட்டரில் யாரும் அலுவலகத்துக்குப் போவதில்லை.

இரண்டாவது, சொல்தூரம். வேலை வாங்கித் தந்தவர் கூறுவது: “பக்கம்தாம்பா, ஒரே ட்ரெயின், இறங்கினா கடை.” இதில் பொய் ஒன்றுமில்லை. அந்த ஒரே ட்ரெயின் பரனூரில் தொடங்கி சைதாப்பேட்டை வரை எத்தனை நிலையங்களில் நின்று போகும் என்பது மட்டும் சொல்லப்படுவதில்லை.

மூன்றாவது, பட்டியல் நேரம். அதாவது ரயில் புறப்படுவதற்கும் போய்ச் சேர்வதற்கும் இடைப்பட்ட நேரம். சுமார் ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி. படித்தவர்களும் இந்த அளவோடு நின்றுவிடுகிறார்கள்.

நான்காவது, வாசல் நேரம். வீட்டு வாசலில் செருப்பை மாட்டும் கணத்திலிருந்து அலுவலகத்தில் கைரேகை வைக்கும் கணம் வரை உள்ளது இது. வீட்டிலிருந்து நிலையத்துக்கு 15 நிமிடம். வண்டியை ஸ்டாண்டில் விட்டு, படியேறி இறங்கி, நடைமேடையில் காத்திருப்பது 15 நிமிடம். ரயிலில் 80 நிமிடம். மாம்பலத்தில் கூட்டத்தோடு கூட்டமாக வெளியேறிக் கடையை அடைய 10 நிமிடம். ஆக மொத்தம் 2 மணி. போக வர 4 மணி. ஆய்வுக்கு ஏற்ற ஒரே அளவு இதுதான்.

வாசல் நேரத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருப்பது கைக்காவல் நேரம். மூன்று நாள் தாமதமானால் அரை நாள் சம்பளம் பிடிக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அதற்கு அஞ்சிப் பயணி ஒரு வண்டி முன்னதாகவே கிளம்புகிறார். ரயில் ஒழுங்காக வந்த நாள்களில் இந்த நேரம் ரங்கநாதன் தெரு டீக்கடையில் செலவாகிறது. பராமரிப்புப் பணிக்காக ரயில்கள் ரத்தான நாள்களில் இதுவும் போதுவதில்லை. ஆகவே, தூரம் தருகிற தொல்லையைச் சராசரி நாளைக் கொண்டு அளக்கக் கூடாது. மோசமான நாளைக் கொண்டே அளக்க வேண்டும்.

3. கணக்கு

எடுத்துக்காட்டுக்காகச் சில தொகைகளை வைத்துக்கொள்ளலாம். செங்கல்பட்டில் அடுத்த தெருக் கடையில் மாதம் 10,000 ரூபாய். நடை தூரம் கணக்கில் கொள்ளத்தக்கதன்று. மாம்பலத்தில் 15,000 ரூபாய். இரண்டிலும் வேலை 9 மணி நேரம், மாதம் 26 நாள்.

வித்தியாசம் 5,000 என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. கூடத்தில் நடக்கும் விவாதம் வழக்கமாக இந்த இடத்தில் முடிந்து, இனிப்புக்கு ஆள் அனுப்பப்படுகிறது.

செலவுப் பக்கத்தில், ரயிலைக் குறை சொல்ல வழியில்லை. 26 நாளுக்கு 52 தனிச் சீட்டு எடுத்தால் ஆகும் தொகையில் பாதிகூட மாதச் சீசனுக்கு ஆகாது. அதற்கு 300 ரூபாய் என்று கொள்க. செலவெல்லாம் ரயிலுக்கு முன்னும் பின்னும் இருக்கிறது: வண்டி ஸ்டாண்டுக்கு 400, டீ, வடை வகையில் நாளுக்கு 30 வீதம் 780, காலை ஐந்து மணிக்குச் சமையல் முடியாமல் போன நாள்களின் ஓட்டல் சாப்பாட்டுக்கு 520. கூட்டினால் 2,000. கையில் நிற்கும் வித்தியாசம் 3,000.

நேரப் பக்கத்தில், நாளுக்கு 4 மணி வீதம் மாதத்துக்கு 104 மணி. இங்கேதான் ஆய்வின் மையக் கருத்து பிறக்கிறது. மாம்பலம் வேலையை ஏற்பவர் உண்மையில் இரண்டு வேலைகளை ஏற்கிறார். ஒன்று கடையில், மற்றொன்று ‘பயணி’ என்னும் பதவி. இரண்டாம் பதவிக்கு நியமன ஆணை இல்லை, தற்செயல் விடுப்பு இல்லை, போனஸ் இல்லை. சம்பளம் மட்டும் உண்டு: 3,000 ரூபாயை 104ஆல் வகுத்தால் மணிக்கு 29 ரூபாய்க்குச் சற்றுக் கீழே. அடுத்த தெருக் கடை தருவதோ மணிக்கு ஏறத்தாழ 43 ரூபாய்.

இரண்டு பதவிகளையும் சேர்த்துப் பார்த்தாலும் நிலைமை மாறுவதில்லை. செலவு போக 13,000 ரூபாயை, வேலையும் பயணமும் சேர்ந்த 338 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 38 ரூபாய் 50 காசு. மாதக் கடைசியில் 15,000 வாங்குபவர், மணிக்கணக்கில் 10,000 வாங்குபவரைவிடக் குறைவாக வாங்குகிறார்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி இத்துறையின் மூல சூத்திரம். அதை இத்தடத்துக்குப் பொருத்தினால் சுண்டைக்காய் 5,000 ரூபாய். சுமைகூலி, ரொக்கமாக 2,000, நேரமாக (104 மணியை உள்ளூர் விலைக்கு மதித்தால்) 4,444, ஆக 6,444. பழமொழியில் சுமப்பவனுக்காவது முக்கால் பணம் கிடைத்தது. இங்கே சுமையும் சுமப்பவரும் ஒருவரே என்பதால் கூலியை யாரிடம் கேட்பது என்ற சிக்கல் எழுகிறது.

துணை முடிவு ஒன்றும் உண்டு. மாதம் 104 மணி என்பது ஆண்டுக்கு 1,248 மணி. 24ஆல் வகுத்தால் 52 முழு நாள். ஓர் ஆண்டின் ஞாயிற்றுக்கிழமைகளும் சாதாரணமாக 52தான். வாரவிடுமுறை உள்ள வேலை என்று இதைச் சொல்லலாமா என்பது மேலாய்வுக்கு உரியது.

4. முன்னோர் கருத்து

வேலைக்கு வேலை கூலி ஏன் மாறுகிறது என்பதற்கு ஆடம் ஸ்மித் 1776இல் ஐந்து காரணங்கள் கூறினார்: வேலையின் இனிமை அல்லது கடுமை, கற்கும் செலவு, தொடர்ச்சி, நம்பிக்கைப் பொறுப்பு, வெற்றி வாய்ப்பு. தூரம் பட்டியலில் இல்லை. செங்கல்பட்டுக்கு ரயில் வராத காலத்தவர் என்பதால் அவரைப் பொறுத்துக்கொள்ளலாம்.

நகரத்தின் மையத்திலிருந்து விலக விலக நில வாடகை குறைவதையும் போக்குவரத்துச் செலவு கூடுவதையும் வில்லியம் அலோன்சோ 1964இல் ஒரு கோட்பாடாக்கினார். மாம்பலத்தின் வாடகையைக் கொடுக்க முடியாதவர் அதே தொகையை ரயிலில் மணிகளாகக் கொடுக்கிறார் என்பது அதன் செங்கல்பட்டுப் பொருள். ‘அங்கேயே ஒரு ரூம் எடுத்துத் தங்கிக்க’ என்ற ஆலோசனையும் இதனால் அடிபடுகிறது. அறை வாடகையும் சாப்பாடும் 5,000 வித்தியாசத்தைத் தின்றுவிட்டு மேலும் கேட்கும்.

மனிதர் எந்த நாட்டில், எந்த வாகனத்தில் போனாலும் நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரமே பயணத்தில் செலவிட முனைகிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994இல் எழுதினார். செங்கல்பட்டுப் பயணி இந்த மாறிலியைக் காலையில் மறைமலைநகரைத் தாண்டிச் சில நிலையங்களிலும், மாலையில் வீட்டுக்கு வெகு முன்பாகவும் மீறிவிடுகிறார். மாறிலி அவரைக் கணக்கில் எடுக்கவில்லையா, அவர் மாறிலியைக் கணக்கில் எடுக்கவில்லையா என்பது தெளிவாகவில்லை.

டேனியல் கானமன் குழுவினர் டெக்சாஸில் வேலைக்குச் செல்லும் 909 பெண்களிடம் முந்தைய நாளை நினைவுகூரச் சொல்லி 2004இல் வெளியிட்ட ஆய்வில், அன்றாடச் செயல்களில் இன்பம் மிகக் குறைந்ததாக வேலைப் பயணம் நின்றது. அலோய்ஸ் ஸ்டுட்சரும் புரூனோ ஃப்ரேயும் ஜெர்மானியத் தரவுகளைக் கொண்டு, நீண்ட பயணத்தின் துன்பத்தை அதனால் வரும் சம்பளமோ வீட்டு வசதியோ முழுவதும் ஈடு செய்வதில்லை என்று காட்டினர். சந்தை ஈடு செய்திருக்க வேண்டும் என்று பொருளியல் எதிர்பார்த்ததால் அவர்கள் இதைப் புதிர் என்றார்கள். மாம்பலத்தில் எட்டு மணி ரயிலுக்கு நிற்பவர்களுக்கு இதில் புதிர் ஒன்றும் இல்லை.

5. பூர்வபட்சமும் மறுப்பும்

வேலையை ஏற்கவே வேண்டும் என்போர் நான்கு தரப்பினர்.

சும்மாவாதிகள்: “சும்மா இருக்கிறதுக்கு இது பரவாயில்ல.” இவர்களுக்கு முழு மறுப்பு இல்லை. அடுத்த தெருவில் வேலையே இல்லாதபோது ஒப்பிட வேண்டிய தொகை 10,000 அன்று, பூச்சியம். பூச்சியத்தின் முன் 38 ரூபாய் 50 காசு பெருந்தொகை. ஆனால் இவர்கள் உள்ளூரில் வேலை இருக்கும்போதும் இதையே கூறுவது இவர்கள் தர்க்கத்தின் மீது ஐயம் எழுப்புகிறது.

அனுபவவாதிகள்: “முதல்ல உள்ள போ, எக்ஸ்பீரியன்ஸ் கிடைக்கும்.” இது வேலையைப் பொறுத்தது. ஓராண்டு கணக்கெழுதினால் அடுத்த இடத்தில் கூடுதலாகக் கேட்கலாம். ஓராண்டு புடவை மடித்தவருக்கு, மேலும் ஓராண்டு புடவை மடிக்கும் தகுதியே கிடைக்கிறது.

கல்யாணவாதிகள்: “பொண்ணு பார்க்கப் போறப்ப வேலைன்னு ஒண்ணு இருக்கணும்ல?” இது பொருளியலின் எல்லைக்கு வெளியே உள்ளது. மாப்பிள்ளை வீட்டில் எத்தனை மணிக்கு இருப்பார் என்று பெண் வீட்டார் கேட்பதில்லை என்பதே இத்தரப்பின் பலம்.

வாசிப்புவாதிகள்: “ட்ரெயின்ல உட்கார்ந்து குரூப் ஃபோருக்குப் படிக்கலாமே!” கால் காசானாலும் கவர்மென்ட் காசு என்ற கொள்கையின் கிளை இது, நான்கில் வலிமையானதும் இதுவே. செங்கல்பட்டில் புறப்படும் வண்டியில் ஏறுபவருக்கு உட்கார இடம் கிடைக்கும். பாதிக்கும் குறைந்த தூரத்தில் இருக்கும் குரோம்பேட்டைக்காரர் நின்றுகொண்டு போகிறார். எனவே பயணத்தின் தரம் அதன் நீளத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதில்லை. ஏறும் நிலையத்தைப் பொறுத்திருக்கிறது. ஆனால் மாலையில் வண்டி கடற்கரையிலிருந்து நிரம்பி வருகிறது. மாம்பலத்தில் ஏறுபவருக்குக் கம்பிதான். தாம்பரத்தில் கூட்டம் இறங்கிய பிறகே இருக்கை. ஆகவே படிப்பு வாதம் ஒரு வழிக்கு மட்டுமே செல்லும். அதிலும் ஐந்து மணிக்கு எழுந்தவர் ஊரப்பாக்கம் வருமுன் உறங்கிவிடுவது கழித்துக்கொள்ளப்பட வேண்டும்.

பெண்களுக்குச் சில திருத்தங்கள் தேவை. 2021 மே முதல் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் அவர்களுக்குக் கட்டணமில்லை. நிலையத்துக்கு அப்படிப்பட்ட பேருந்து இருந்தால் ஸ்டாண்டு செலவு மறைகிறது. காத்திருக்கும் நேரம் அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. மேலும், ஆண் பயணி வீடு திரும்பியதும் இரண்டாம் பதவி முடிகிறது. பெண் பயணிக்குச் சமையலறையில் மூன்றாம் பதவி தொடங்குகிறது. கணக்கில் வகுக்கும் எண்ணை அதற்கேற்ப உயர்த்த வேண்டும். ரயிலிலிருந்து இரவு ஒன்பதரைக்கு இறங்கி வீடு சேரும் வழி எப்படிப்பட்டது என்பதை எந்த எண்ணாலும் ஈடுகட்ட முடியாது. அது தனியாகப் பரிசீலிக்கப்பட வேண்டும்.

6. விதிகள்

அ. சம்பளத்தைச் சம்பளத்தோடு ஒப்பிடலாகாது. பயணியின் மணிக்கூலியை உள்ளூர் மணிக்கூலியோடு ஒப்பிட வேண்டும்.

ஆ. நேர்காணல் நாளின் பயணம் சான்றாகாது. அது பெரும்பாலும் காலை பதினொரு மணிக்கு, காலி ரயிலில், புதுச் சட்டையோடு நிகழ்கிறது. திங்கட்கிழமைக் காலை நெரிசலில் போய், இரவு எட்டு மணிக்குத் திரும்பிப் பார்த்தவரின் வாக்குமூலமே ஏற்கத்தக்கது.

இ. மணிக்கூலி குறைந்திருந்தும் ஏற்பதானால், எதற்காக என்பதும் எந்தத் தேதி வரை என்பதும் எழுதப்பட வேண்டும். ‘ஒரு ஆறு மாசம் பார்ப்போம்’ என்பது தேதி ஆகாது. அந்த ஆறு மாதம் எப்போதும் இன்றிலிருந்தே எண்ணப்படுகிறது.

ஈ. ஏற்பவர் முடிவெடுத்துவிட்டாரா, இன்னும் யோசிக்கிறாரா என்பதை அவர் சொல்லிலிருந்து அறிய முடியாது. மாதச் சீசன் வாங்குபவர் யோசிக்கிறார். மூன்று மாதச் சீசன் வாங்குபவர் முடிவெடுத்துவிட்டார்.

உ. சம்பளம், வேலை நேரம், ரயில் அட்டவணை, வீடு ஆகியவற்றில் ஒன்று மாறினாலும் கணக்கை மறுபடி போட வேண்டும். ஆண்டு முடிவில் முதலாளி 500 ரூபாய் கூட்டினால் பயணியின் கூலி மணிக்கு 4 ரூபாய் 80 காசு உயர்ந்து 33 ரூபாய் 65 காசு ஆகிறது. அப்போதும் அடுத்த தெருக் கடையை எட்டுவதில்லை. எட்டுவதற்கு மாதம் 1,444 ரூபாய்க்குக் குறையாத உயர்வு வேண்டும். முதலாளியிடம் கேட்க வேண்டிய தொகை அதுவே. அவர் மறுத்தால் ஆய்வு முடிந்தது; அடுத்த தெருக் கடையில் இடம் இன்னும் காலியாக இருக்கிறதா என்று அன்றே விசாரிப்பது நல்லது.