கனடியக் கூடுகையியல்: ஓர் அறிமுக ஆய்வு

இத்துறையில் இதுவரை ஆய்வு எதுவும் நிகழவில்லை. ஆய்வுக் கட்டுரை இவ்வரியோடுதான் தொடங்க வேண்டும் என்பது மரபு. நிகழ்ந்திருக்கிறதா என்று நான் தேடிப் பார்க்கவில்லை, அதுவும் மரபே. ஆய்வுக் களம், இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு. ஆய்வுப் பொருள், அங்கே படிக்க வந்த கனடிய மாணவர்கள் ஒன்றுகூடும் நிகழ்ச்சிகள். ரோட்ஸ் உதவித்தொகையின் தயவில் 1904 முதல் கனடியர்கள் அங்கே வந்துகொண்டிருப்பதால் தரவுக்குப் பஞ்சமில்லை. ஆய்வாளருக்கும் பஞ்சமில்லை, சாப்பாடு இலவசம் என்பதால்.

முதலில் வரையறை. 'நீங்கள் அமெரிக்கரா?' என்ற கேள்விக்குச் சாப்பாட்டின் வாயிலாகத் தரப்படும் விடையே கனடியக் கூடுகை எனப்படும். அமெரிக்கரே வந்து நின்றாலும் தட்டு கொடுத்து உட்கார வைப்பார்கள். விடை சற்று மெல்லிய குரலில் வரும், அவ்வளவே. கூடுகை அகம், புறம் என இரு வகைப்படும். வயிற்றுக்குள் போவது அகம். பனிக்கட்டியின் மேல் விழுவது புறம். இரண்டிலும் சேராதது கரோக்கே. அது குறித்து இவ்வாய்வு எதுவும் கூறாது.

அகத்துள் தலையாயது தேங்க்ஸ்கிவிங் என்னும் நன்றி கூறும் நாள் விருந்து. அமெரிக்கர் இதை நவம்பரின் நான்காம் வியாழனில் கொண்டாட, கனடியர் அக்டோபரின் இரண்டாம் திங்களில் கொண்டாடுவர். நாடாளுமன்றம் 1957-இல் நிலைப்படுத்திய நாள் இது. ஆக்ஸ்ஃபோர்டில் இது பெரும்பாலும் முதல் பருவத்தின் முதல் வாரத்துத் திங்களாக அமையும்; அதாவது, அறைச் சாவி எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிவதற்குள் வான்கோழி சமைக்க வேண்டும். பிரிட்டிஷ் கடைகளிலோ வான்கோழி கிறிஸ்துமஸுக்கு வரும் பறவை. அக்டோபரில் முழுப் பறவை கேட்டால் கடைக்காரர் நாள்காட்டியைப் பார்ப்பார். கிடைத்தாலும் விடுதி அடுப்புக்குள் நுழையாது. ஆகவே கோழி. இதை 'வான் கெட்ட வான்கோழி' என்று ஒரு கலைச்சொல்லால் குறிக்கலாம். பேராசிரியர் யாரும் இன்னும் உரிமை கோரவில்லை.

இங்கே ஒரு கண்டுபிடிப்பு. ஆக்ஸ்ஃபோர்டின் புனித ஜான் கல்லூரியில் 1921 முதல் 1923 வரை படித்தவர் லெஸ்டர் பியர்சன். பல்கலைக்கழக ஐஸ் ஹாக்கி அணியில் ஆடியவர். 1957-இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதே 1957-இல்தான் தேங்க்ஸ்கிவிங் நாளும் நிலைபெற்றது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று நிறுவ இதுவரை எவரும் முன்வரவில்லை. எனவே தொடர்பு உண்டு எனக் கொள்க. இந்தத் தருக்கத்தை நான் புதிதாகச் செய்யவில்லை. கல்வெட்டில் தேய்ந்துபோன ஒற்றை எழுத்தின் மேல் ஒரு வம்சத்தையே எழுப்பிய பெரியவர்களிடம் கற்றது.

இனி பூட்டீன். மற்றவற்றைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம்.

பூட்டீன் என்பது வறுத்த உருளைக்கிழங்கின் மேல் புதுச் சீஸ் கட்டிகளைத் தூவி, அதன் மேல் கொதிக்கும் கிரேவியை ஊற்றுவது. 1950-களில் கியூபெக்கின் நாட்டுப்புறத்தில் தோன்றியது. வார்விக்கும் டிரம்மண்ட்வில்லும் 'எங்கள் ஊர்தான்' என்று இன்றும் உரிமை கொண்டாடுகின்றன. பொருளின் உயிர்நிலை அந்தச் சீஸ் கட்டி. கர்ட் என்பார்கள். புதிதாக இருக்கையில் பல்லில் பட்டதும் 'கீச்' என்னும். பாலின் கேசீன் புரதம் கால்சியத்தால் இறுகப் பிணைந்திருக்கும் வரை இந்த ஒலி உண்டு. சில நாளில் பிணைப்புத் தளரும், ஒலி அடங்கும். கீச்சிடாத கர்ட்டைக் கியூபெக்காரர் இறந்ததாகக் கருதுவர். ஆக்ஸ்ஃபோர்டுச் சந்தையில் செடார் மலைபோல் குவிந்திருக்கும். கர்ட் இராது.

இந்த வெற்றிடத்தில் மூன்று கட்சிகள் எழுந்தன. செடார்க் கட்சி சொல்வது: கர்ட் என்பதே முதிராத செடார்தான், வயதாகிவிட்டது என்பதற்காக உறவை அறுக்கலாமா? மொஸரெல்லாக் கட்சி இழுபடுவதே இலக்கணம் என்கிறது. ஹலூமிக் கட்சி சிறுபான்மை, ஆனால் குரல் பெரிது. சைப்ரஸிலிருந்து வரும் ஹலூமி உருகாது, ஆனால் கீச்சிடும். ஒலியே உயிர், உருகல் வெறும் உடல் என்பது இவர்கள் கொள்கை.

சான்றுகளுக்கு வருவோம். மூலச்சான்று, விடுதிப் பொதுச் சமையலறைக் குளிர்பெட்டியின் கதவு (இனி கு.க.). அங்கே ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டு, 'சீஸைத் தொடாதே' என்கிறது (கு.க., ம.சீ., வரி 1). அதன் மேலேயே ஒட்டிய பச்சைச் சீட்டில் 'தயவுசெய்து சீஸைத் தொடாதே, மன்னிக்கவும்' என்று பாடபேதம் (கு.க., ம.சீ. மேல் ப.சீ., வரி 1-2). 'மன்னிக்கவும்' பிற்கால இடைச்செருகல் என்று ஒரு சாரார் வாதிடுவர். அவர்கள் கனடியரோடு பழகியதில்லை, அதுதான் மூலபாடம். பச்சைச் சீட்டின் பின்புறம் மூன்றாம் கை ஒன்று ஏதோ எழுதியிருக்கிறது. கிரேவிக் கறையால் நடுச்சொல் சிதைந்து 'இது … அல்ல' என்பது மட்டும் எஞ்சுகிறது (கு.க., ப.சீ., பின்., வரி 1, சிதைவு, கறை வரியினும் காலத்தால் பிந்தியது, நக்கிப் பார்த்து உறுதி செய்யப்பட்டது). விடுபட்ட சொல் 'பூட்டீன்' என்பது என் துணிபு. 'உன்னுடையது' என்பது குளிர்பெட்டியின் இரண்டாம் தட்டுக்காரர் துணிபு. அவருக்கு மறுப்பு எழுதி, அதே கதவில் ஒட்டியிருக்கிறேன் (கு.க., வெள்ளைத் தாள், நான்கு பக்கம், காந்தம் தாங்கவில்லை).

இந்த விவாதம் உச்சத்தில் இருந்தபோது, ஸ்கார்பரோவில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துத் தங்கச்சி ஒருத்தி அடுப்படியில் நின்றாள். டொராண்டோவின் கிழக்கில் தமிழர் நெருங்கி வாழும் பகுதி அது. முப்பது பேருக்குச் சமைக்கும் பானையைக் கண்டு அஞ்சாதவள் அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திதான். என்னைப் பார்த்து, "அண்ணை, ஆராய்ச்சி செய்யிறதெண்டால் இந்த உருளைக்கிழங்கையும் சீவிக்கொண்டு செய்யுங்கோ" என்றாள். சீவினேன். அவள் ஹலூமியைச் சுண்டுவிரல் பருமனில் நறுக்கி, அம்மா கட்டிக்கொடுத்த மிளகாய்த்தூளைத் தூவி, ஓரம் சிவக்கப் பொரித்து, கிழங்கின் மேல் போட்டுக் கிரேவியை ஊற்றினாள். மாண்ட்ரியாலிலிருந்து வந்த மாணவர் ஒரு வாய் வைத்தார். கீச்சிட்டது. ஒன்றும் பேசாமல் இரண்டாம் தட்டு எடுத்துக்கொண்டார். அந்த மௌனம் ஏற்பா, மிளகாயா என்பதில் இரு கருத்து உண்டு.

எஞ்சிய அகவகைகள். பிரிட்டனில் தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாய் அப்ப நாள். அங்கத்தியர் மெல்லிய அப்பத்தில் எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்ப்பர். கனடியர் தடித்த அப்பத்தில் மேப்பிள் சிரப் ஊற்றுவர். நாற்பது லிட்டர் மரச்சாற்றைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் சிரப் தேறும் என்பதால், ஊற்றும் கையைக் கனடிய மாணவர் சங்கப் பொருளாளர் கண் இமைக்காமல் பார்ப்பார். பிப்ரவரி 15 கொடி நாள். 1965-இல் மேப்பிள் இலைக் கொடி ஏறிய நாள். அப்போது பிரதமர் நம் பியர்சன்தான் (தொடர்பு வலுப்பெறுவதைக் காண்க). ஜூலை 1 கனடா நாள். ஆண்டின் மிகப் பெரிய விழா. ஆக்ஸ்ஃபோர்டுப் பருவம் ஜூனிலேயே முடிந்துவிடுவதால், கொண்டாட ஆளில்லை.

புறம் என்பது ஐஸ் ஹாக்கி. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் 1885-இல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் முதன்முதலாக மோதின என்பது கர்ண பரம்பரை. அக்காலச் சான்று எதுவும் இல்லை என்று வரலாற்றாளர்கள் கைவிரிக்கிறார்கள். ஆயினும் அந்த ஆண்டை யாரும் கைவிடவில்லை. சான்றில்லாத ஆண்டை இறுகப் பிடித்துக்கொள்வோர் எல்லாக் கண்டங்களிலும் உள்ளனர் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

களத்தில் இறங்காதோர் தொலைக்காட்சியில் பார்ப்பர். டொராண்டோவில் மாலை ஏழு மணி ஆட்டம், ஆக்ஸ்ஃபோர்டில் நள்ளிரவு. வான்கூவரில் ஏழு என்றால் விடியற்காலை மூன்று. தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளில் இங்கே பயின்று வருவது அழுகை. டொராண்டோ அணி ஸ்டான்லி கோப்பையைக் கடைசியாக வென்றது 1967-இல். அதைப் பார்த்தவர்கள் இப்போது தாத்தாக்கள்; அழும் பொறுப்பு பேரன்களுக்கு.

களப்பணிக்குச் செல்ல விரும்பும் இளம் ஆய்வாளருக்கு ஒரு சொல். கனடாவில் விடுமுறையான தேங்க்ஸ்கிவிங் திங்கள் இங்கிலாந்தில் வேலைநாள். எனவே விருந்து முந்தின சனி அல்லது ஞாயிறு மாலையில் இருக்கும். திங்களன்று போனால் பாத்திரம் கழுவ வேண்டிவரும். போகும்போது இரண்டு பாக்கெட் ஹலூமி வாங்கிக்கொள்ளுங்கள். குளிர்பெட்டியில் வைக்கையில் மேலே பெயர் எழுதுங்கள்.