ஐந்து சாவும் ஒரு டிக்கெட்டும்

நான்கைந்து தனிக்கதைகளை ஒரு சுற்றுக்கதையால் கோத்து ஒரே படமாகத் தருவதை ஆந்தாலஜி என்பர். வேதாளம் விக்கிரமாதித்தனின் தோளில் ஏறிக்கொண்டு கதை சொன்ன அதே ஏற்பாடுதான் இது என்றாலும், வேதாளம் மன்னனின் அறிவைச் சோதித்தது. ஆந்தாலஜிப் பேய்ப்படமோ ரசிகரின் பொறுமையை மட்டுமே சோதிக்கிறது.

பிரிட்டனில் இவ்வகைக்கு வழிகாட்டியாக நின்றது, 1945இல் ஈலிங் ஸ்டுடியோ தயாரித்த ‘டெட் ஆஃப் நைட்’. அப்படத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய மில்டன் சபோட்ஸ்கி என்னும் அமெரிக்கர், மாக்ஸ் ரோசன்பெர்க்குடன் சேர்ந்து இங்கிலாந்தில் அமிகஸ் நிறுவனத்தை நடத்தி, 1965 முதல் 1974 வரை இத்தகைய படங்கள் ஏழினை எடுத்தார். பெயர்பெற்ற நடிகரிடம் சில நாள் கால்ஷீட் மட்டும் வாங்கி, ஒரே கதையில் அவரைக் கொன்றுவிட்டு, போஸ்டரில் மட்டும் முழுப்படத்துக்கும் அவரை வாழவைக்கும் சிக்கனமும் இதில் அடங்கியிருந்தது.

ஏழில் முதலாவதான ‘டாக்டர் டெரர்ஸ் ஹவுஸ் ஆஃப் ஹாரர்ஸ்’ படத்தில், ரயில் பெட்டியொன்றில் பீட்டர் குஷிங் டாரட் சீட்டுக்கட்டுடன் ஏறி, உடன் பயணிக்கும் ஐவருக்கும் எதிர்காலம் சொல்கிறார். டாரட் என்பது படம் வரைந்த சீட்டுகளைக் கொண்டு குறி பார்க்கும் மேலைநாட்டு முறை. ஐவரில் ஒருவரான கலை விமர்சகர் (கிறிஸ்டோபர் லீ), சிம்பன்ஸி தீட்டிய ஓவியத்தைப் புகழ்ந்து பேசிச் சபையில் அவமானப்பட்டு, அதற்குக் காரணமான ஓவியரின்மேல் காரை ஏற்றிவிட, துண்டான கை அவரைத் துரத்தத் தொடங்குகிறது. தீயில் போட்டாலும் அது மீண்டு வருகிறது. விமர்சகர்மேல் படைப்பாளிகளுக்குள்ள வன்மம் இவ்வளவு வெளிப்படையாகத் திரையில் வந்தது அரிது. ஒரு வீட்டையே வளைத்துக்கொள்ளும் கொடியைப் பற்றிய கதையும் இப்படத்தில் உண்டு. அதைப் பற்றி அதிகம் சொல்லாதிருப்பதே மரியாதை.

ஆனால் கதைக்குக் கதை தரம் மாறும் இந்த ஏற்றத்தாழ்வுதான் ரசிகரைக் கட்டிப்போடுகிறது. முழுநீளப் படம் சொதப்பினால் இரண்டு மணி நேரம் வீண். ஆந்தாலஜியிலோ சுமாரான கதை இருபது நிமிடத்தில் தீர்ந்துபோவதுடன், எது முதலிடம், எது கடைசி என்று பின்னாளில் சண்டை பிடிக்கும் உரிமையையும் தந்துவிட்டுப் போகிறது. அந்த உரிமைக்காகவே படத்தை மறுபடி பார்ப்பவர்கள் உண்டு.

‘டெட் ஆஃப் நைட்’ பற்றிய சண்டையில் பொம்மையைப் பேசவைக்கும் கலைஞனின் கதை எப்போதும் முன்னணியில் நிற்க, கோல்ஃப் கதை கடைசிக்குத் தள்ளப்படுகிறது. ஒரு பெண்ணுக்காகக் கோல்ஃப் ஆடி, மோசடியால் தோற்று, ஏரியில் இறங்கி மாண்டவன், பேயாகத் திரும்பி வந்த பின் மறைந்துபோகும் வித்தையை மறந்து தவிப்பதே அக்கதை. அமெரிக்காவில் வெளியிட்டவர்கள் இதையும் கிறிஸ்துமஸ் விருந்துக் கதையையும் வெட்டிவிட்டனர். ஆனால் எல்லாக் கதைகளின் துணுக்குகளும் கலந்து சுழலும் இறுதிக் கெட்ட கனவை அப்படியே விட்டுவைத்ததால், முன்பின் தெரியாத ஆட்கள் ஏன் வந்து போகிறார்கள் என்று புரியாமல் அங்கிருந்தோர் விழித்தனர். பிடிக்காதவர்கள் கோல்ஃப் கதை வரும்போது காபி குடிக்க எழுந்து போகலாம். கத்திரியை மட்டும் எடுக்கலாகாது.