பெயரில்லாத பட்டனும் பத்தாயிரம் ரூபாய் அபராதமும்

காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கும் பார்வையற்றவருக்கு என்ன கிடைக்கிறது? பட்டன் கிடைக்கிறது. வெறும் பட்டன்.

அட்டைப்பெட்டியில் ‘முழுப் பாதுகாப்பு’ என்று பளபளவென்று அச்சடித்திருப்பார்கள். நிறுவி முடித்து, திறந்து, டேப் விசையைத் தட்டினால், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பு மென்பொருள் சொல்கிறது: “பட்டன்.” இன்னொரு தட்டு. “பட்டன்.” அடுத்து, “கிராஃபிக்.” மறுபடியும், “பட்டன்.” இவற்றில் ஒன்று கம்ப்யூட்டரைச் சோதிக்கும். ஒன்று சிக்கிய வைரஸை அழிக்கும். ஒன்று பாதுகாப்பையே அணைத்துவிடும். எது எதுவென்று தெரிய வேண்டுமா? அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். நான் வாங்கிய ஒன்றில், ஒரே ஒரு பட்டன் மட்டும் வாய் திறந்து தெளிவாகப் பேசியது: “இப்போதே புதுப்பியுங்கள்.”

ஆக, பெயர் வைக்கத் தெரியாதவர்கள் இல்லை. எதற்கு வைக்க வேண்டும் என்பதில் கொள்கைத் தெளிவோடு இருக்கிறார்கள்.

இதில் ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் கிடையாது. திரைவாசிப்பு மென்பொருள் படத்தைப் பார்ப்பதில்லை. “உன் பெயர் என்ன, நீ என்ன செய்வாய்?” என்று ஒவ்வொரு பட்டனையும் கேட்கிறது. பதில் சொல்வதற்கான வழியை ‘ஆக்டிவ் ஆக்சஸிபிலிட்டி’ என்ற பெயரில் மைக்ரோசாஃப்ட் 1997லேயே திறந்துவிட்டது. விண்டோஸின் சொந்தப் பட்டன்கள் கேட்டவுடன் பெயர் சொல்லிவிடும். நம் ஆன்டிவைரஸ் ஆட்களுக்கு அது போதவில்லை. மினுமினுப்பாக, வட்டமாக, ரேடார் மாதிரி சுற்றுகிற பட்டன் வேண்டும். சொந்தமாக வரைந்தார்கள். பெயர் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டார்கள். சும்மா இருந்திருந்தால் பட்டன் பேசியிருக்கும். மெனக்கெட்டு அதன் வாயை அடைத்திருக்கிறார்கள்.

இது அலட்சியம். அடுத்து வருவது சந்தேகம்.

திரைவாசிப்பு மென்பொருள் ஒவ்வொரு விசை அழுத்தத்தையும் கவனிக்கும். மற்ற மென்பொருள்களின் ஜன்னல்களை எட்டிப் பார்க்கும். வேறு வழியில்லை, அதுதான் அதன் வேலை. பாஸ்வேர்டு திருடும் மென்பொருளும் ஏறக்குறைய இதையேதான் செய்யும். ஆகவே சில ஆன்டிவைரஸ்கள் இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கின்றன. திரைவாசிப்பானின் கோப்பு ஒன்றைத் தூக்கி உள்ளே போடுகின்றன. கம்ப்யூட்டர் சட்டென்று மௌனமாகிறது. திரையின் மூலையில் ஒரு பெட்டி முளைக்கிறது: ‘ஆபத்தான மென்பொருள் தடுக்கப்பட்டது.’ அதை யார் படிப்பது? படித்துச் சொல்ல இருந்த ஒன்றைத்தானே இப்போது பிடித்துக் கட்டிப்போட்டார்கள்!

இதற்கும் தீர்வு இருக்கிறது. இன்னார் தயாரித்தது என்று டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா எனப் பார்த்தால் போதும். ‘இந்த மென்பொருளை அனுமதிக்கலாமா’ என்று விண்டோஸ் திரையை இருட்டாக்கிக்கொண்டு கேட்கிறதே, அந்த உச்சப் பாதுகாப்பு அறைக்குள்ளேயே முறைப்படி நிறுவப்பட்ட திரைவாசிப்பான் போய் வருகிறது. விண்டோஸுக்கு வராத பயம் வாடகைக் காவலுக்கு ஏன் வருகிறது?

சரி, கஸ்டமர் கேருக்குப் போன் போடுவோம்.

“வலது பக்கம் மேலே பச்சையா ஒரு பட்டன் தெரியுதா சார்?”

“எனக்குக் கண் தெரியாதும்மா. அதைத்தான் அப்பவே சொன்னேன்.”

“ஓகே சார். பக்கத்துல கண் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா சார்? பாஸ்வேர்டை அவங்களை அடிக்கச் சொல்லுங்க சார்.”

அந்தப் பெண்மீது கோபமில்லை. எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறார். எழுதிக் கொடுத்தவர்களைக் கேட்கிறேன். ‘பாஸ்வேர்டை யாரிடமும் பகிராதீர்கள்’ என்று வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்புவது நீங்கள்தானே? பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு பாஸ்வேர்டு சொல்வதற்கு ஆண்டுச் சந்தா எதற்கு? அவன் இலவசமாகவே வருவானே.

திருடன் இவர்களைவிடத் தேவலாம். இணையத்தில் திடீரென்று ஒரு பக்கம் எழும்பும். ‘உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்! உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்!’ சைரன் சத்தத்தோடு மிரட்டும். பார்வையற்றவர் விஷயத்தில் அந்த மோசடிப் பக்கத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எச்சரிக்கை எழுத்தாகவே இருக்கும், படமாக அல்ல. போன் நம்பரை திரைவாசிப்பான் இலக்கம் இலக்கமாக வாசிக்கும். திருடன் எந்த வாடிக்கையாளரையும் ஒதுக்குவதில்லை. காவலுக்கு வந்தவன்தான் ஒதுக்குகிறான்.

காவலனைக் காசு கொடுத்து அழைக்கப் போனாலும் வாசலில் கேப்ட்சா நிற்கிறது. ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள். சிக்னல் விளக்கு உள்ள கட்டங்களைத் தேர்ந்தெடுங்கள்.’ ரோபோக்கள் இன்று அதை ஊதித் தள்ளுகின்றன. மாட்டிக்கொண்டு நிற்பவர் மனிதர். ஒலி வழி உண்டென்பார்கள். சந்தைக்கடை இரைச்சலுக்கு நடுவே யாரோ எதையோ முனகுவார்கள். கண்ணும் தெரியாமல் காதும் கேளாதவருக்கு அதுவும் கிடையாது.

வங்கிகள் ஒரு படி மேலே போயின. கேஒய்சி முடிக்க, உயிரோடிருப்பதை நிரூபிக்க, கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னார்கள். ஆசிட் வீச்சில் கண்ணும் முகமும் சிதைந்தவர்களிடமும் அதையே கேட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஏப்ரல் 30 அன்று, நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு பிரக்யா பிரசூன் வழக்கில் 20 உத்தரவுகள் போட்டது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்றது. கண் சிமிட்ட முடியாதவரும் உயிருள்ள மனிதரே என்று சொல்ல, இந்தியாவில் உச்ச நீதிமன்றம் கூட வேண்டியிருக்கிறது.

சட்டம் இல்லையா? பேஷாக இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அரசோ தனியாரோ, சேவை தருபவர் எவரும் விதிகள் வந்த இரண்டே ஆண்டுகளில் அணுகல் வசதி செய்ய வேண்டும் என்கிறது அதன் 46ஆம் பிரிவு. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2019லேயே முடிந்தது. அரசு எழுதிய 15ஆம் விதி எப்படி இருந்தது தெரியுமா? ‘செய்தால் நல்லது’ என்கிற தொனியில். கட்டாயமாக்கச் சொன்ன சட்டத்துக்கு ஆலோசனை சொல்கிற விதி! 2024 நவம்பர் 8 அன்று, ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதன் முதல் உட்பிரிவைச் செல்லாது என்று அறிவித்தது. கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் கொண்டுவரச் சொன்னது.

மீறினால் தண்டனை? 89ஆம் பிரிவைப் பாருங்கள். முதல்முறை மீறினால் அபராதம், அதிகபட்சம், 10,000 ரூபாய். பன்னாட்டு நிறுவனங்கள் நடுங்கிப்போயிருக்கும். அவர்களுடைய ஒரு மீட்டிங்கின் சமோசா செலவு அதைவிட அதிகம்.

இதற்கும் அசரமாட்டார்கள். ‘சந்தை சின்னது சார்’ என்பார்கள். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். ‘செலவாகும்’ என்பார்கள். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் 2006இல் என்விடிஏ திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். பார்வையற்ற நண்பர் ஜேம்ஸ் டே கூடச் சேர்ந்தார். இன்று அது 50க்கு மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது. விலை: பூஜ்யம். இரண்டு பேர் ஒரு கம்ப்யூட்டர் முழுவதையும் பேச வைத்தார்கள். அடுக்குமாடி ஆபீஸில் ஆயிரம் பேரை வைத்திருப்பவர்களால் ஆறு பட்டனுக்குப் பெயர் வைக்க முடியவில்லை.

ஆனால் டிசம்பர் 3 வந்தால் பாருங்கள், மாற்றுத்திறனாளிகள் தின வாழ்த்து பொங்கி வழியும். அழகான போஸ்டர். ‘அனைவரையும் அரவணைப்போம்.’ அதுவும் படம்தான், படத்தை விவரிக்கும் மாற்று உரை இல்லாமல். யாரை அரவணைக்கிறார்களோ அவரைத் தவிர எல்லோரும் படித்துவிடலாம்.

போதும். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து மைக்ரோசாஃப்டின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் கம்ப்யூட்டரோடேயே வருகிறது. தனிக் காசில்லை. அதன் பட்டன்களுக்குப் பெயர் உண்டு. அப்டேட்டை நிறுத்தாமல் வைத்துக்கொண்டு, கண்ட கண்ட இணைப்பைத் திறக்காமல் இருந்தால், வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அது போதும். அடுத்த முறை சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லிப் போன் வந்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “உங்கள் மென்பொருளை மானிட்டரை அணைத்துவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பார்த்தீர்களா?” ஆமாம் என்று பதில் வந்தபிறகு பர்ஸைத் திறக்கலாம். அதுவரை அந்தப் பணம் உங்களிடமே பாதுகாப்பாக இருக்கட்டும்.