கதியால் வழக்கும் பள்ளிக்கூடமும்

கேள்வி: பள்ளிக்கூடங்களிலும் சனசமூக நிலையங்களிலும் இளம் பிள்ளைகளுக்குச் சட்டம் படிப்பிக்க வேண்டும் என்கிறார்களே! எல்லாரும் அப்புக்காத்து ஆகிவிட்டால் வழக்குகள் பெருகாதா?
— ஒரு வாசகர், நெல்லியடி

பதில்: சட்டம் படிக்காமலே, வேலிக் கதியால் ஒரு சாண் நகர்ந்ததற்காகப் பரம்பரை பரம்பரையாக வழக்காடியவர்கள் ஐயா நாங்கள்! படித்தால் குறையத்தான் செய்யும்.

பால்மாப் பைக்கற்றில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது குற்றம் என்று தெரிந்த பிள்ளையைக் கடைக்கு அனுப்பிப் பாருங்கள், மிச்சக் காசு ஒழுங்காக வரும். வீதி விளக்கு ஏன் எரியவில்லை என்று பிரதேச சபையிடம் 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும். சின்னப் பிணக்குகளுக்கு இணக்க சபை இருக்கிறது. அங்கே கட்சிக்காரருக்காகச் சட்டத்தரணி பேச முடியாது. ஆகவே கவலைப்பட வேண்டியவர்கள் அப்புக்காத்துமார்தான்!

பங்குக் காணியை வெளியாளுக்கு விற்க முன்னர் மற்றப் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது எங்கள் யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம். ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் ஏற்றிய வழமை அது. இப்படிப் பங்காளிகள் முதலில் வாங்கிக்கொள்ளும் முன்கொள்வனவு உரிமைக்கென்று 1947இல் தனிச் சட்டமே வந்தது. இதைப் பத்தாம் வகுப்பில் படித்த பிள்ளை, மாமா இரகசியமாக உறுதி முடிக்கப் போனால் கேள்வி கேட்கும்.

அது சரி, பிள்ளைகள் சட்டம் படிப்பதற்கு இவ்வளவு பயப்படுகிறீர்களே... காணி ஏதும் விற்கிற யோசனையோ?