முந்நூறு குதிரை மாப்பிள்ளை

வாங்க மாப்பிள்ளை. தெருமுனை திரும்பும்போதே தெரிஞ்சுபோச்சு, வர்றது நீங்கதான்னு. உங்க காரு உறுமுன உறுமலுக்குக் கோழியெல்லாம் வைக்கப்போரு மேல ஏறிக்கிச்சு. முந்நூறு குதிரைத்திறன்ங்கிறீங்க. குண்டலுபேட்டைப் பக்கம் இத்தனை குதிரை ஒண்ணாப் போனது, மைசூரு மகாராசா பந்திப்பூருக்கு வேட்டைக்கு வந்த காலத்துலயாத்தான் இருக்கும்.

ஒரு குதிரைன்னா என்னன்னு மெக்கானிக்கைக் கேட்டேன். 75 கிலோ மூட்டையை ஒரு நொடியில ஒரு மீட்டர் தூக்குற தெம்பாம். ஜேம்ஸ் வாட்டுன்னு ஒரு வெள்ளைக்காரர், நீராவி எஞ்சினை விக்கிறதுக்காகப் போட்ட கணக்கு. யாவாரிங்க இன்னும் அதை விடலை பாருங்க. உங்க அத்தையைத் தூக்க ஒரு குதிரை பத்தாதுன்னு வைங்க... மெதுவாப் பேசுங்க, அடுப்படியிலதான் இருக்கா. பழைய மாருதி 800-க்கு நாப்பது குதிரைகூடக் கெடையாது. அதுல ஆறு பேரு ஏறி ஊட்டிக்குப் போயி, திரும்பும்போது மடியில கேரட் மூட்டை வேற.

நீங்களும் ஊட்டிக்குத்தானே? பேஷாப் போங்க. மேலுகாமனஹள்ளி செக்போஸ்டை மட்டும் மணி பாத்துத் தாண்டுங்க. ராத்திரி ஒம்பதுலேர்ந்து காலையில ஆறு வரைக்கும் காட்டுக்குள்ள விடமாட்டாங்க, 2009-லேர்ந்து இதே கதைதான். முந்நூறு குதிரைன்னு சொல்லிப் பாருங்களேன், ஓரமாக் கட்டச் சொல்லுவாங்க.

பகல்ல போனா வேகத்தடை. ஒண்ணைத் தாண்டி மூச்சு விடறதுக்குள்ள அடுத்தது. உங்க வண்டி வேற தரையோட தரையாப் படுத்துக் கெடக்குது. ஒவ்வொரு மேட்டுலயும் அடிவயித்தைத் தேச்சுக்கிட்டு, முதல் கியர்லயே ஊரணும். ஒரு சோடி மாடு இறைக்கிற கெணத்துக்குப் பத்துச் சோடியை வாங்கிக் கட்டினா, மிச்சம் ஒம்பது சோடியும் தீவனம் கேக்காமலா இருக்கும்? பெட்ரோல் பங்க்குல கேட்டுப் பாருங்க.

அதுக்குன்னு மேடில்லாத எடத்துல காலைக் கனமா வெச்சிராதீங்க. இவ்வளவு தெம்பு இருந்தா நாப்பது எம்பதாகுறது உங்களுக்கே தெரியாது. வேகம் ரெண்டு மடங்கானா, பிரேக்குப் புடிச்சு நிறுத்துற தூரம் நாலு மடங்கு. புதர்லேர்ந்து எறங்குற யானைக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாதுங்க. அது பாட்டுக்கு ரோட்டைத் தாண்டும். மழை பேஞ்ச ரோடுன்னா இன்னும் வேடிக்கை. டயர் புடிக்கிற அளவுக்குத்தான் வண்டி நகரும். மிச்சக் குதிரையெல்லாம் சக்கரத்தை நின்ன எடத்துலயே சுத்தவிட்டு வேடிக்கை பாக்கும்.

மசினகுடி தாண்டினா கல்லட்டி மலை ஏத்தம். 36 கொண்டை ஊசி வளைவு. ரெண்டாவது கியருக்கு மேல அங்க வேலையே இல்லை. எந்த மலை எறக்கத்துலயும் குதிரை அத்தனையும் தூங்கிரும், பிரேக்குதான் பாவம், பொகைஞ்சுக்கிட்டே வரும்.

ஊட்டி வேண்டாம், பக்கத்துல ஹிமவத் கோபாலசாமி பெட்டாவுக்குப் போயி ஒரு கும்பிடு போடலாம்னாலும் அடிவாரத்தோட சரி. மேல அரசு பஸ்ஸுலதான் போகணும். முந்நூறும் கீழ வெயில் காயும், நீங்க கம்பியைப் புடிச்சுத் தொங்கிக்கிட்டுப் போவீங்க.

அட, மூஞ்சியைத் தூக்காதீங்க. காப்பியைக் குடிச்சுட்டுக் கெளம்புங்க. நானும் உங்க அத்தையும் பின்னாலயே ஊட்டி பஸ்ஸுல வர்றோம். வேகத்தடையில நீங்க குனிஞ்சு வண்டிக்கு அடியில பாத்துக்கிட்டு நிக்கிறப்போ, சன்னல்லேர்ந்து கை காட்டுறோம்.