செட் ஆகாத சொல்

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் ‘செட்’ என்கிற வினைச்சொல்லுக்கு மட்டும் 430 அர்த்தம். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து; அதற்கு இத்தனை பவுசு! பிறகு ‘ரன்’ 645 அர்த்தங்களோடு ஓடிவந்து முந்திவிட்டது.

அகராதிக்காரர்கள் நம்மூர்ப் பக்கம் வந்திருந்தால் செட் தோற்றிருக்காது. வயலில் பம்பு செட், கல்யாண வீட்டில் மைக் செட் (அதன் வாயை யாராவது பொத்தினால் புண்ணியம்), ராத்திரி தாத்தா டம்ளரில் ஊறப்போடும் பல் செட். பக்கத்து வீட்டம்மா மகனைப் பற்றி மூச்சுவிடாமல் சொல்கிறார்: “வேலையும் செட் ஆகல, பொண்ணும் செட் ஆகல, எல்லாம் அவன் சுத்துற செட்டு சரியில்ல!” எந்த அகராதியும் புரட்டாமல் தெருவுக்கே புரிகிறது.

செட் தோசையில்தான் வம்பு. சென்னையில் கேட்டால் இரண்டு வரும். பெங்களூரில் பெரும்பாலும் மூன்று.