எறிகிற கைக்கு மார்க் போடுவது எப்படி?

பாகூர் ஏரிப் பாசன வயலில் அறுப்பு முடிந்தால் பையன்கள் தாளை மிதித்துச் சமன்செய்து பிட்ச் போட்டுவிடுவார்கள். அந்தப் பதினொரு பேரையும் அட்டையில் இறக்கி, ஐப்பசி மழையில் திண்ணையில் உட்கார்ந்து ஆட உங்களுக்கு ஆசை வந்துவிட்டது. புக் கிரிக்கெட் உதவாது. அதில் பக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் எல்லாம். பீல்டர் என்று ஒருத்தன் கிடையவே கிடையாது.

பேஸ்பாலுக்கு அமெரிக்காக்காரர்கள் இந்த வேலையை எப்போதோ முடித்துவிட்டார்கள். ஹால் ரிச்மன் 1961-ல் தொடங்கிய ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் அட்டை ஆட்டத்தின் விரிவான விதிகளில், பந்தைத் துரத்திப் பிடிப்பதற்கு 1 முதல் 5 வரை ஓர் எண். எல்லையோரம் நிற்பவரின் கைக்குத் தனி எண். அதையே சுட்டுக்கொள்ளுங்கள். ஓடுகிறவன் எண் 14, எறிகிறவன் கை -3 என்றால் மிச்சம் 11. இருபது சீட்டில் ஒன்றை எடுங்கள். 11 வரை வந்தால் தப்பித்தான், அதற்கு மேல் போனால் அவுட். இருபது பக்கப் பகடை வேண்டாம். பழைய காலண்டர் தாளும் ஒரு சொம்பும் போதும்.

கவனம்: இங்கே மைனஸ்தான் உசத்தி. முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஊரிலேயே நல்ல கைக்காரன், "என்னண்ணே, எனக்குப் போய் மைனஸா?" என்று வாசலில் வந்து நிற்பான்.

1992 உலகக் கோப்பையில் இன்சமாமை ஜான்டி ரோட்ஸ் ரன் அவுட் ஆக்கியதை உதாரணம் காட்டுகிறவரிடம் மார்க் கேட்காதீர்கள். ரோட்ஸ் எறியவே இல்லை. பந்தோடு ஓடிவந்து ஸ்டம்ப் மேல் பாய்ந்தார். அந்த மார்க் காலுக்குப் போகவேண்டியது.

இனி முக்கியமான வேலை. ஸ்கோர் நோட்டை மூடிவையுங்கள். வில்லியனூர்ப் பக்கத்து மேட்சில் டீப் மிட்விக்கெட்டில் நிற்கும் அண்ணன் பந்தை எடுத்து, கையைப் பின்னால் கொண்டுபோவார், அவ்வளவுதான். பாதிப் பிட்ச் வந்தவன் "நோ, நோ!" என்று கத்திக்கொண்டே திரும்பி ஓடுவான். நோட்டில் ஒரு ரன், வேறு எதுவும் இல்லை. சொத்தைக் கைக்காரனுக்கோ வருஷத்தில் நாலு ரன் அவுட் சேர்ந்துவிடும்; அவனை நம்பித்தானே எல்லாரும் ஓடுகிறார்கள்! 2018-19 முதல் ரஞ்சிக் கோப்பை ஆடும் புதுச்சேரி அணியின் ஸ்கோர்கார்டிலும் ரன் அவுட் ஆக்கியவர் பெயர்தான் இருக்கும், ஓடவிடாமல் நிறுத்தியவர் பெயர் இருக்காது. ஆகவே மார்க்கை எதிர் டீம் பேட்ஸ்மேன்களிடம் கேட்டு வாங்குங்கள். (பிட்ஸ்பர்க்கின் பேஸ்பால் வீரர் ராபர்டோ கிளெமென்டேயின் கை ஊரறிந்த பிறகும் அவரிடம் ஓடி மாட்டியவர்கள் ஏராளம். பேராசைக்கு அட்டையில் எண் இல்லை.)

வாய்க்காலில் விழுந்து நனைந்த டென்னிஸ் பந்து பாதித் தூரத்திலேயே செத்துவிடும். அந்த எறிகளைக் கழித்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு சிக்கல். டீமுக்குப் பந்து வாங்கித் தருகிற மாமாவுக்கு நியாயமாகப் பார்த்தால் +5 வரும். எழுதாதீர்கள், அவரை ஸ்லிப்பில் நிறுத்துங்கள். ரிச்மன் ஆட்டத்திலும் கிட்டத்தில் நிற்கும் இன்ஃபீல்டர்களுக்குக் கை எண் கிடையாது. மாமாவிடம், "இது அமெரிக்க ரூல் மாமா" என்று சொல்லிவிடலாம்.